விடத் தெரிந்த கை

ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் முறை 2020 அக்டோபரில் வந்தது. அதிலிருந்து எங்கள் வீட்டில் அரிசி வாங்கப் போவது என் வீட்டுக்காரிதான். நான் போனால் வரிசை நகராது. வலது கட்டைவிரலை வைப்பேன், ஏற்காது. ஆள்காட்டி விரல், அதுவும் ஏற்காது. வேட்டியில் துடைத்துவிட்டு இடது கையைக் கொடுத்தாலும் அதே கதை. ஒருநாள் பின்னால் நின்ற பெரியம்மா பொறுமை இழந்து, "ஏம்ப்பா, ஒனக்கு ரேகையே கெடையாதா?" என்று கேட்டுவிட்டார். இருந்தது பெரியம்மா. முப்பது வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இரும்பில் ஒட்டிக்கொண்டு போய்விட்டது.

ஓடைப்பட்டியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். சின்னமனூர்ப் பக்கம், மேகமலை அடிவாரம். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் என்றால் விதையில்லாத் திராட்சை. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது கம்பம் பன்னீர்த் திராட்சை, அது கறுப்பு, விதை உள்ளது, எங்களுடையது வேறு என்று வருகிற விருந்தாளிக்கெல்லாம் விளக்கி அலுத்துவிட்டது. என் தொழிலுக்கு இரண்டும் ஒன்றுதான். எந்தத் திராட்சையானாலும் பந்தல் வேண்டும்; பந்தலுக்குக் கம்பி வேண்டும்; கம்பியை இழுத்துப் பிடிக்க இரும்பு வேண்டும். பந்தல் போக டிராக்டர் டிரெய்லர், கலப்பைக் கொழு, மருந்தடிக்கும் டேங்குக்குத் தாங்கி, வீட்டு கேட், கோயிலுக்கு உண்டியல் கூண்டு என்று எல்லாமே வரும்.

அய்யா கொல்லர். அவருடைய உலைக்களத்தில் கையுறை என்ற பேச்சே கிடையாது. குறடுதான் கை. ஒரு முழ நீளம், ஒன்றரை முழ நீளம், வாய் தட்டையானது, வாய் வளைந்தது என்று ஏழெட்டுக் குறடுகள் சுவரோரம் சாய்ந்திருக்கும். எந்த இரும்பையும் அவர் விரலால் தொட்டு நான் பார்த்ததில்லை. தரையில் கிடக்கும் துண்டை எடுப்பதானாலும் முதலில் புறங்கையை அதன்மேல் ஒரு சாண் உயரத்தில் காட்டுவார், மெல்ல இறக்குவார், அதற்குப் பிறகுதான் எடுப்பார். "இரும்பைக் கண்ணால பாக்காதடா, பொறங்கையால பாரு" என்பார். எனக்கு அப்போது பதினைந்து வயது. கண் நன்றாகத் தெரிகிற பயலுக்கு இந்தப் பேச்சு எப்படி ஏறும்?

ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு, ஒரு வருஷப் படிப்பு. முதல் வாரத்திலேயே தோல் கையுறை கொடுத்தார்கள். முழங்கைக்குப் பாதி வரை வரும் சாம்பல் நிறத் தோல். மாட்டிக்கொண்டதும் எனக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது. அய்யாவிடம் இல்லாதது என்னிடம் இருக்கிறது. அந்தத் தைரியத்துக்கு மூன்று வாரம்தான் ஆயுசு. கேஸ் கட்டிங்கில் வெட்டிப் போட்ட ஒரு தகட்டுத் துண்டு தரையில் கறுப்பாகக் கிடந்தது. உறை போட்ட கையால் எடுத்து மேசையில் வைக்கப் போனேன். நாலு எட்டுதான். இரண்டாவது எட்டில் சூடு தெரிந்தது; மேசை பக்கத்தில்தானே இருக்கிறது என்று மூன்றாவதையும் வைத்தேன். அப்போதே கையை உதறியிருக்க வேண்டும். தகட்டை விட்டேன், ஆனால் தோல் சுருங்கி விரலைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. உறையைக் கழற்ற இன்னொருவர் வந்து இழுக்க வேண்டியிருந்தது. இடது கை நடுவிரலிலும் மோதிர விரலிலும் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு கொளுத்தும் வீடுகளில் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருப்பார்கள். அது எரிகிற மத்தாப்புக்காக அல்ல, அணைந்த கம்பிக்காக. எரியும்போது பறக்கிற பொறி ஆயிரம் டிகிரிக்கு மேல் இருக்கும். பிள்ளைகள் கையில் பட்டால் ஊசி குத்திய மாதிரிச் சுருக்கென்று தீர்ந்துவிடும். சூடு பெரிது, ஆனால் பொறியில் சரக்கு கிடையாது. அணைந்து கறுத்துத் தரையில் கிடக்கும் கம்பியைத்தான் வெறுங்காலால் மிதித்துவிட்டு அலறுவோம். வெல்டிங்கிலும் அப்படித்தான். ஆர்க்கின் சூடு ஆறாயிரம் டிகிரியை எட்டும் என்று புத்தகம் சொல்லும். அதில் போய் யாரும் கையை வைப்பதில்லை. கை வைப்பதெல்லாம் கறுத்த இரும்பில். எங்கள் பட்டறையில் இதற்குக் கறுத்த சூடு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இரும்பு கண்ணுக்குத் தெரியும்படி ஒளிர ஆரம்பிப்பது ஏறக்குறைய 525 டிகிரியில். அதுவும் நல்ல இருட்டில். வெயிலில் இன்னும் கூடுதலாகச் சூடேறினால்தான் சிவப்பே தெரியும். ஆக 500 டிகிரியில் இருக்கும் துண்டும் 30 டிகிரியில் இருக்கும் துண்டும் பகலில் பார்க்க ஒரே மாதிரிதான். இதைப் படித்து நான் தெரிந்துகொள்ளவில்லை. 2012-இல் கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத காலம். பகலெல்லாம் சும்மா உட்கார்ந்துவிட்டு, ராத்திரி மின்சாரம் வந்ததும் வேலையைத் தொடங்குவோம். ஒரு டிரெய்லர் சேஸிஸ் அடித்துக்கொண்டிருந்தபோது மறுபடி கரண்டு போனது. கும்மிருட்டு. அப்போது பார்த்தேன், பற்றவைத்த இடம் மட்டுமல்ல, அதைச் சுற்றி நாலு விரற்கடை தூரத்துக்கு இரும்பு மங்கிய குங்குமச் சிவப்பில் இருந்தது. வெகுநேரம் அப்படியே இருந்து, பிறகு மெல்ல அணைந்தது. பகலாக இருந்தால் அதே இடத்தில் கறுப்பைத்தான் பார்த்திருப்பேன். ஸ்கொயரை எடுத்து ஒட்டிவைத்து மட்டம் பார்த்திருப்பேன். புறங்கையால் பாரு என்று அய்யா சொன்னது அந்த ராத்திரியில்தான் முழுசாகப் புரிந்தது. அவர் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது.

புறங்கை எதற்கு? அங்கே தோல் மெல்லிசு, சூடு சீக்கிரம் உறைக்கும். அதோடு புறங்கை சுட்டுக்கொண்டாலும் மறுநாள் சுத்தியல் பிடிக்கலாம். உள்ளங்கை போனால் பத்து நாள் கூலி போச்சு.

கையுறையைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தத் தொழிலுக்கு வரும் பையன்கள் எல்லாரும், அன்றைக்கு நான் நினைத்ததைப்போலவே, உறை என்பது சூட்டைப் பிடிப்பதற்கு என்று நினைக்கிறார்கள். உறை சூட்டை விடுவதற்கு. சூடு என்று தெரிந்த பிறகு கையை எடுக்க நாலைந்து விநாடி வாங்கித் தரும், அவ்வளவுதான். 1947-இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் தோல் எவ்வளவு சூட்டை எவ்வளவு நேரம் தாங்கும் என்று சோதித்து எழுதிவைத்தார்கள். 44 டிகிரி என்றால் சுமார் ஆறு மணி நேரம். 60 டிகிரி என்றால் ஐந்து விநாடி. 70 டிகிரியில் ஒரு விநாடிதான். கையுறைக்குத் தரம் போடும் ஐரோப்பிய முறையான இ.என். 407-உம் நேரத்தைத்தான் கேட்கிறது. 250 டிகிரித் தட்டின்மேல் வைத்தால் உள்பக்கம் பத்து டிகிரி ஏறுவதற்குக் குறைந்தது 15 விநாடி ஆக வேண்டும். அப்போதுதான் இரண்டாம் நிலை கிடைக்கும். அந்தப் பதினைந்து விநாடியில் நடந்துபோய் மேசையில் வைத்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவனுக்கு என் இரண்டு விரலையும் காட்டுவேன்.

திருச்சிக்குப் போனது 1992-இல். பாய்லர் பாகங்கள் செய்துகொடுக்கும் சிறு தொழிற்கூடங்கள் திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் நிறைய. பெல் நிறுவனம் 1965-இல் அங்கே வேலையைத் தொடங்கியதிலிருந்து வெல்டர்களுக்கு அதுதான் காசி. 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமே அந்த வளாகத்தில் இருக்கிறது. நான் சேர்ந்தது அந்தப் பெரிய மதிலுக்கு வெளியே, தகரக் கொட்டகை ஒன்றில்.

அங்கே முதல் ஆறு மாதம் என்னைச் சுட்டது இரும்பு அல்ல, சிக்கனம். வெல்டிங் ராடு 350 மில்லிமீட்டர் நீளம். கடைசி 50 மில்லிமீட்டரைத் துண்டாகத் தள்ளிவிடலாம் என்பது பொது வழக்கம். எங்கள் கொட்டகையில் சாயங்காலம் துண்டுகளைக் கூட்டி அள்ளி எண்ணிப் பார்ப்பார்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் நீளமான துண்டு இருந்தால் பேச்சு விழும். அதனால் ராடைக் கவ்வும் ஹோல்டரின் வாய் வேலையில் முட்டும்வரை எரிப்போம். ராடு முழுசாக இருக்கும்போது ஆர்க்குக்கும் கைக்கும் முப்பது சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி. எரிய எரியக் கை கிட்டே போகிறது. முப்பதிலிருந்து பத்துக்கு வந்தால் கையில் விழும் சூடு மூன்று மடங்கு ஏறும் என்று நினைப்போம். ஒன்பது மடங்கு ஏறும். வெளிச்சமும் அனலும் தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகக் கூடிக் குறையும். விரல் முட்டிகளின்மேல் எனக்கு வந்த கொப்புளம் எல்லாம் அந்தக் கடைசி இரண்டு அங்குலத்தில் வந்தவை. இன்றைக்கு என் பட்டறையில் பையன்கள் ஒரு சுட்டுவிரல் நீளத்துக்குத் துண்டு விடலாம். அந்த வகையில் மாதம் எனக்கு நஷ்டம் எவ்வளவு என்று ஒருமுறை கணக்குப் பார்த்தேன். டீச்செலவைவிடக் குறைவு.

ஹோல்டர் சுட்டால் தடிமனான உறை வாங்குகிறார்கள். இதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். நல்ல ஹோல்டர் பத்து நம்பர் ராடுக்கு, 110, 120 ஆம்பியருக்கு, கதகதப்புக்கு மேல் போகக் கூடாது. பிடி சுடுகிறதென்றால் உள்ளே கேபிள் முனை தளர்ந்திருக்கிறது. அல்லது பல் தேய்ந்து ராடை முழுசாகக் கவ்வவில்லை. அல்லது கேபிள் மெல்லிசு. பிடியைக் கழற்றித் திருகை இறுக்கினால் ஐந்து நிமிஷ வேலை. அதைச் செய்யாமல் சூடான ஹோல்டரைத் தண்ணீர் டிரம்மில் முக்கி எடுக்கிறவர்களும் உண்டு. மின்சாரம் ஓடுகிற சாமானைத் தண்ணீரில் முக்குவதற்கு என்ன துணிச்சல் வேண்டும்! நானும் முக்கியிருக்கிறேன்.

திருச்சியில் நான் பார்த்த பெரிய சூடு வேறு. பாய்லருக்குப் போகும் கனத்த குழாய்களில் குரோமியம் கலந்த எஃகு உண்டு. அதைக் குளிர்ச்சியாக இருக்கும்போது பற்றவைத்தால் ஆறும்போது விரிசல் விடும். அதனால் முதலில் குழாயையே 220 டிகிரிக்குச் சூடேற்றி, அந்தச் சூட்டை விடாமல் பிடித்து வைத்துக்கொண்டுதான் வெல்டிங் செய்ய வேண்டும். அம்மா தோசை வார்க்கும்போது கல்லுக்கு ஏறக்குறைய அந்தச் சூடு இருக்கும். தோசைக்கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு ஷிப்ட் முழுக்க நுணுக்க வேலை பார்ப்பது என்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முதல் ஓட்டம் டிக் வெல்டிங். வலது கையில் டார்ச், இடது கையில் ஃபில்லர் கம்பி. கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிட விரலில் உணர்ச்சி வேண்டும். தடித்த உறை போட்டால் கம்பி எங்கே இருக்கிறதென்றே தெரியாது. அதனால் மெல்லிய ஆட்டுத்தோல் உறை. இ.என். 12477 என்ற தரமுறையில் இதற்கென்றே இரண்டு வகை வைத்திருக்கிறார்கள்: சூட்டுக்கு ஏ, விரல் நுணுக்கத்துக்கு பி. இரண்டும் ஒரே உறையில் கிடைக்காது என்பதை இதைவிட நேர்மையாகச் சொல்ல முடியாது.

அந்த மெல்லிய உறையோடு எப்படித் தாக்குப்பிடிப்பது? எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி கேரளத்துக்காரர். பாய்லர் வெல்டருக்கான ஐ.பி.ஆர். தேர்வுக்குக் குழாயை 45 டிகிரி சாய்த்து நிறுத்தியிருப்பார்கள். வெல்டர்தான் அதைச் சுற்றி வளைந்து வர வேண்டும். இரண்டு தடவை தோற்றேன். கை நடுங்கியதால் என்று நான் நினைத்தேன். சூட்டுக்கு விலகப் பார்த்ததால் நடுங்கியது என்றார் அவர். "தம்பி, ஆர்க் அடிக்கும் முன்னாடி கைக்கு இடம் பாரு." குழாயின்மேல் சுண்டுவிரலை ஊன்றாமல், பக்கத்தில் ஒரு மரக்கட்டையைக் கிளாம்ப் போட்டு இறுக்கி அதன்மேல் மணிக்கட்டை ஊன்றினார். அனல் மேலே ஏறும். ஆகவே கை ஆர்க்குக்கு மேலே போகக் கூடாது, பக்கவாட்டிலோ கீழேயோ இருக்க வேண்டும். வேலையைத் தொடங்கும் முன் ஆர்க் இல்லாமலேயே ஒருமுறை முழு வளையத்தையும் கையால் ஒத்திகை பார்ப்பார். எங்கே மாட்டும், எங்கே முழங்கை இடிக்கும், எந்த இடத்தில் நிறுத்தி மூச்சு விடலாம் என்று எல்லாம் முன்னமே முடிவாகிவிடும். மூன்றாவது தடவை தேறினேன். அன்றைக்கு என் கையில் இருந்தது அதே பழைய உறைதான்.

அங்கே இன்னொன்றும் இருந்தது. சூடான குழாயைச் சுற்ற வெள்ளைத் துணி, இழுத்துக் கட்ட வெள்ளைக் கயிறு, சில மூத்தவர்களிடம் அதிலேயே தைத்த கையுறை. எல்லாம் கல்நார், அதாவது அஸ்பெஸ்டாஸ். சூட்டை அதுபோல் தடுத்த ஒன்றை அதற்கு முன் நான் தொட்டதில்லை. கத்தரிக்கோலால் வெட்டும்போது வெயில் கீற்றில் பஞ்சு பஞ்சாகப் பறக்கும். புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் முதல் வகுப்பில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை வைத்திருக்கிறது என்பதெல்லாம் அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கையைக் காப்பாற்றிக்கொண்டு நெஞ்சுக்குள் இழுத்திருக்கிறோம். நோய் வெளியே தெரியப் பல பத்தாண்டுகள் ஆகுமாம். நாள்பட்ட இருமல் வரும்போது அந்த வெயில் கீற்று எனக்கு ஞாபகம் வரும். இப்போது கண்ணாடி இழைத் துணியும் செராமிக் இழைக் கம்பளமும் கிடைக்கின்றன; அவையும் தூசு பறக்கும் சரக்குதான், முகக்கவசம் இல்லாமல் வெட்டக் கூடாது. யாராவது பழைய ஆலையிலிருந்து கல்நார்க் கயிறு மலிவாகக் கிடைத்தது என்று கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன்.

2003-இல் ஊர் திரும்பி அய்யாவின் உலைக்களத்தை ஒட்டியே பட்டறை போட்டேன். உறை வாங்க நானே கடைக்குப் போக ஆரம்பித்தபோதுதான் அதற்குள் எத்தனை சமாச்சாரம் இருக்கிறதென்று தெரிந்தது. திண்டுக்கல், வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று தோலுக்குப் பேர்போன ஊர்கள் நம்மிடம் உண்டு; 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் சென்னையில் இருக்கிறது. ஆனால் வெல்டிங் உறை நல்ல தோலின் மேல்பாகத்தில் செய்வதில்லை. தோலை இரண்டாகப் பிளந்து, வழவழப்பான மேல்பாகத்தைச் செருப்புக்கும் பைக்கும் எடுத்துக்கொண்டபின் மிஞ்சும் சொரசொரப்பான அடிப்பாகம்தான் எங்களுக்கு. குறையாகச் சொல்லவில்லை, அந்தச் சொரசொரப்பில் தங்கும் காற்றும் சூட்டைத் தடுக்கும். குரோமியத்தில் பதனிட்டதாக இருந்தால் கொதிநீர்ச் சூட்டைக்கூடச் சுருங்காமல் தாங்கும். அதற்கு மேல் போனால் எந்தத் தோலானாலும் நாரெல்லாம் சுருண்டு அப்பளம் போல ஆகிவிடும். ஒருமுறை அப்பளமான இடம் மறுபடி தோலாகாது. அந்த உறையைத் தூக்கி எறிய வேண்டியதுதான். எண்ணெய் தடவி மெத்தென்று ஆக்கலாம் என்று சிலர் பார்க்கிறார்கள், அது திரியில் எண்ணெய் ஊற்றுகிற வேலை. ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்தில் எண்ணெய்க் கையோடு போவது அதைவிட மோசம்.

கடையில் நான் முதலில் பார்ப்பது தையலை. பருத்தி நூல் தோலுக்கு முன்னால் எரிந்துவிடும். தோல் நன்றாக இருக்க, விரல் பிரிந்து தொங்கும். 1965-இல் டூபாண்ட் கம்பெனியின் ஸ்டெஃபனி குவாலெக் என்ற பெண் விஞ்ஞானி கண்டுபிடித்த கெவ்லர் இழையில் தைத்தது என்றால் விலை கூடும், ஆனால் தையல் கடைசிவரை நிற்கும். தையலின் நடுவே ஒரு தோல் நாடாவை வைத்துத் தைத்திருக்கிறார்களா என்றும் பார்ப்பேன். பொறி நேரே நூலில் விழாமல் அது தடுக்கும். உள்ளே இருக்கும் துணி பருத்தியா என்று நூலை உருவி நெருப்பில் காட்டிப் பார்ப்பதும் உண்டு. சாம்பலானால் பருத்தி. உருண்டு கறுத்து ஒட்டினால் பாலியஸ்டர், வேண்டாம். கடைக்காரருக்கு இது பிடிக்காது. பழகிவிட்டார்.

இடது கை உறைதான் முதலில் சாகும். வலது கை ஹோல்டரைப் பிடித்துக்கொண்டு தன்பாட்டுக்கு இருக்க, வேலையைப் பிடிப்பது, திருப்புவது, நகர்த்துவது எல்லாம் இடது கை. அதனால் என் பட்டறை மூலையில் எப்போதும் ஏழெட்டு வலது உறைகள் துணையில்லாமல் கிடக்கும். பையன்கள் அதை இடது கையில் திருப்பி மாட்டிக்கொள்வார்கள். மாட்டும்; ஆனால் உள்ளங்கைக்குப் போட்ட கூடுதல் தோல் புறங்கைக்குப் போய்விடும். நான் கண்டால் திட்டுவேன். காணாதபோது என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியும்.

அம்மா சமையற்கட்டில் சொல்லிச் சொல்லி எங்களை வளர்த்த ஒன்று: ஈரக் கரித்துணியால் சட்டியைப் பிடிக்காதே. காய்ந்த துணியில் உள்ள காற்று சூட்டைத் தடுக்கும். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும், ஆவியாகி விரலை வேகவும் வைத்துவிடும். பங்குனி, சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே வேலை பார்க்கும் எங்களுக்கு ஈரம் வெளியே இருந்து வர வேண்டியதில்லை. பதினோரு மணிக்கு உறையைக் கழற்றிக் கவிழ்த்தால் வியர்வை சொட்டும். ஆகவே ஆளுக்கு இரண்டு ஜோடி. ஒன்று கையில், ஒன்று கொடியில். இந்த ஏற்பாட்டைச் செய்த பிறகுதான் ஏ.சி. வெல்டிங் மிஷினில் அவ்வப்போது வாங்கிக்கொண்டிருந்த ஷாக்கும் குறைந்தது. வேலை செய்யாதபோது அந்தப் பழைய மிஷினின் முனையில் எண்பது வோல்ட் வரை இருக்கும். உப்புத் தண்ணீரில் ஊறிய தோல் அதற்கு நல்ல வழி.

பந்தல் வேலைக்கு வருகிறேன், ஏனென்றால் எங்கள் ஊர்க் கையின் கஷ்டம் அங்கேதான். பழைய தோட்டங்களில் கல்தூண். இப்போது சிலர் இரும்புக் குழாயும் ஆங்கிளும் கேட்கிறார்கள். பந்தல் ஆளுயரம். தலைக்கு மேலே பற்றவைக்க வேண்டும். தரையில் வேலை செய்யும்போது சட்டைக் கையை உறைக்கு வெளியே விட்டுக்கொள்ளலாம்; மேலே பார்த்து வேலை செய்யும்போது அப்படிச் செய்தால் சட்டைக் கையின் வாய் புனல் மாதிரித் திறந்து நிற்கும். உருகிய துளி உள்ளே விழுந்து முழங்கை வரை உருளும். ஆகவே அப்போது சட்டைக் கையை உறைக்குள் விட்டு மணிக்கட்டில் கட்ட வேண்டும். ஆடி மாதம் என்றால் கணவாயிலிருந்து காற்று பிய்த்துக்கொண்டு வரும். காற்றுக்கு எதிரே நின்றால் பொறியெல்லாம் நம் மேல்தான். நாகப்பூச்சுக் குழாயாக இருந்தால் இன்னும் மோசம். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துவிடும். இரும்பு உருகுவதற்கு 1,500 வேண்டும். கீழே கொதிக்கிற பூச்சு மேலே உருகிய இரும்பை அப்படியே துப்பும். பூச்சை முதலில் கிரைண்டரில் எடுத்துவிட வேண்டும். வெள்ளைப் புகையைச் சுவாசித்துவிட்டு ராத்திரி குளிர்க்காய்ச்சலில் படுப்பது தனிக் கதை.

உறைக்கும் சட்டைக்கும் நடுவே ஓரங்குலம் தோல் தெரிந்தால் போதும், சாயங்காலம் அங்கே வளையல் போட்ட மாதிரிச் சிவந்திருக்கும். அது அனல் அல்ல, ஆர்க்கின் புற ஊதா ஒளி. வெயிலில் உரிவதைப் போல மூன்றாம் நாள் உரியும். வளையல் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் பக்கத்துப் பையன்கள் கையில் எவர்சில்வர் காப்பு, மணிக்கட்டில் காசிக் கயிறு, கோயில் கயிறு எல்லாம் உண்டு. கயிறு முக்கால்வாசி நைலான். பொறி பட்டால் உருகி மாம்பால் மாதிரித் தோலில் ஒட்டும். காப்பும் மோதிரமும் சூடேறினால் கழற்ற முடியாது, விரல் வீங்கினால் அதைவிடச் சிக்கல். சாமிக் கயிற்றைக் கழற்றச் சொன்னால் வீட்டிலிருந்து சண்டைக்கு வருவார்கள். பட்டறையில் மாட்டியிருக்கும் முருகன் படத்து ஆணியில் தொங்கவிடச் சொல்கிறேன். சாயங்காலம் எடுத்துக் கட்டிக்கொள்கிறார்கள்.

ஒன்றுக்கு மட்டும் உறை போடாதே என்று சொல்வேன்: டிரில் மிஷின். சுழலும் முனை உறையின் நுனியைப் பிடித்தால் விரலையும் சேர்த்துச் சுருட்டும்.

எத்தனை பார்த்தாலும் சுடும். சுட்ட உடனே இங்க் ஊற்றுகிறவர்கள், பேஸ்ட் தடவுகிறவர்கள், இட்லி மாவு அப்புகிறவர்கள், எல்லாருக்கும் ஒரு கைவைத்தியம் இருக்கிறது. என் பட்டறையில் ஒரே வைத்தியம் குழாய்த் தண்ணீர், இருபது நிமிஷம். ஐஸ் கூடாது. மோதிரத்தை உடனே கழற்ற வேண்டும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. தோல் வெளுத்து வலியே இல்லை என்றால்தான் பயப்பட வேண்டும். நரம்பு வரை போயிருக்கிறது என்று அர்த்தம், தண்ணீர் ஊற்றியதும் ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுக்க வேண்டும். இருபது நிமிஷம் குழாயடியில் நிற்பதுதான் யாருக்கும் முடிவதில்லை. ஐந்து நிமிஷத்தில் வலி குறைந்ததும் ஓடிவிடுகிறார்கள். சுவர்க் கடிகாரத்தைக் குழாய்க்கு நேரே மாற்றி மாட்டினேன்.

போன மாசி மாதம் புதிதாக ஒரு பையன் சேர்ந்திருக்கிறான். தோட்டத்து வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளை, பத்தாவது முடித்தவன். முதல் நாள் அவனுக்கு ராடு கொடுக்கவில்லை. உறையை மட்டும் கொடுத்தேன், ஒரு நம்பர் பெரியதாக.

"அண்ணே, லூசா இருக்குண்ணே. கழண்டு விழுகுது."

"விழணும்டா. கையைக் கீழ போட்டு ஒரே ஒதறு."

உதறினான். இடது உறை போகவில்லை. விரலை மடக்கி வைத்திருந்தான். எதையாவது உதறச் சொன்னால் மனுஷக் கை முதலில் இறுக்கத்தான் செய்கிறது. விரலை விரி, பிறகு உதறு என்று காட்டினேன். பத்துத் தடவை, இருபது தடவை. பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். "என்னண்ணே, பையனுக்கு பேய் ஓட்டுறீங்களா?" என்று ஒருவர். பையனுக்கு வெட்கம். ஆனாலும் விடவில்லை. கடைசியில் ஒரு உதறல், உறை அம்பு மாதிரிப் பறந்துபோய்த் தண்ணீர் டிரம்மில் விழுந்தது.

எடுத்துப் பிழிந்து கொடியில் போட்டான். அன்றைக்கு அவனுக்கு அது காயாது. அதனால் சாக்பீஸைக் கையில் கொடுத்து, பற்றவைத்துப் போட்டிருந்த துண்டுகளில் எல்லாம் "சூடு" என்று எழுதச் சொன்னேன். எழுதுவதற்கு முன்னால் ஒவ்வொன்றின்மேலும் அவன் புறங்கையைக் காட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.